சோலைமுத்துவின் குரல் இருந்த டிஸ்க்

குரலைப் பதிந்துவைக்கும் பழைய மினிடிஸ்க் ரெக்கார்டர் ஒன்று என் மேஜைக்கு வந்தால், அதற்குள் கிடக்கும் டிஸ்க்கை முதலில் அழித்துவிடுவேன். பேட்டரி முனையில் பூத்த பச்சையைச் சுரண்டுவது, லென்ஸைத் துடைப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். அழித்துவிடலாமா என்று சின்னத் திரை கேட்கும். அழுத்துவேன். நிச்சயமாகவா என்று இரண்டாவது தடவை கேட்கும். அதற்கும் அழுத்துவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பதில்லை.

ஆரம்பத்தில் கேட்டேன். இந்தத் தொழிலைத் தொடங்கிய புதிதில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் விற்ற செட்டில் யாரோ ஒரு ஆண் தன் மனைவியிடம் நாற்பது நிமிடம் பேசியிருந்தான். படுக்கையில் மூட்டைப்பூச்சி, கங்காணி மோசம், அரிசி வாயில் வைக்க முடியவில்லை. நடுநடுவே "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்குக் கொஞ்சம் இடம் விடுவான். அந்த டிஸ்க்கை மூன்றாவது முறை போட்டுக் கேட்டபோது, அந்த இடைவெளிகளில் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்விட்டு அல்ல. ஆனாலும் சொன்னேன். அன்றிலிருந்து கேட்பதை விட்டேன்.

கோவில்பட்டியில் இந்த வகை ரெக்கார்டரைத் திறந்து பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கல்யாண வீடியோ எடுப்பவர்கள், வில்லுப்பாட்டுக் குழுக்காரர்கள், சர்ச் பாடகர் குழு என்று வாங்குவதற்கு ஆட்கள் இருந்தார்கள். கேசட் போல இரையாது, அழித்து அழித்துப் பிடிக்கலாம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கொண்டுவந்து விற்பார்கள். நான் சரிசெய்து விற்பேன். உள்ளே இருந்த டிஸ்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டித் தனியாக விற்பேன்.

2005இல், பங்குனி மாதத்தில், ஒரு பகலில் ரெங்கம்மாள் வந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் வந்த முகம். வாசல்படிக்கு வெளியே நின்றாள்.

"இங்கனதானா தாயி, பாட்டுப் பெட்டி வாங்குத வீடு?"

"வாங்குதோம். விக்கணுமா?"

"விக்க வரலை. வித்ததைத் திரும்ப வாங்க வந்திருக்கேன். எம்மவன் கார்த்திகேசன் மாசி மாசம் உங்ககிட்ட ஒண்ணு போட்டுட்டுப் போயிருக்கான். பெட்டி போனாப் போகுது. அதுக்குள்ள ஒரு வில்லை இருந்துச்சுலா, அது வேணும்."

எனக்கு நினைவு இருந்தது. ஓரத்தில் நசுங்கிய வெள்ளி நிற ரெக்கார்டர். விற்றுப் போய்விட்டது. டிஸ்க் என் மேஜை இழுப்பறையில் மற்ற பதினெட்டு டிஸ்க்குகளோடு கிடந்தது. எல்லாம் அழித்தவை. எது எங்கிருந்து வந்தது என்று நான் எழுதி வைப்பதில்லை.

"அதுல ஒண்ணும் இல்லையே அம்மா. வெறும் டிஸ்க்குதான்," என்றேன்.

"ஒண்ணும் இல்லையா?" அவள் படியில் உட்கார்ந்தாள். "அவிய குரல் இருந்துச்சே தாயி. பிடிச்சு முடிச்சதும் மவன் ஒருக்கப் போட்டுக் காட்டினான். அவிய கூடச் சிரிச்சாவ."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள். விளாத்திகுளத்துக்குத் தெற்கே அவர்கள் ஊர். அவளுடைய வீட்டுக்காரர் சோலைமுத்து கார்த்திகை மாதம் இறந்துவிட்டார். அறுபது செம்மறி ஆடுகள். அறுவடை முடிந்த காடுகளில் ஆட்டு உரத்துக்காகக் கிடை போடுவது அவர் தொழில்.

"அவிய ஒரு சத்தம் கொடுத்தாப் போதும். காட்டுக்கு அந்தக் கடைசியில நிக்கது வரைக்கும் திரும்பும். இப்ப யாரு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டுக்கு. மவன் கூப்பிட்டா அவன் காலுக்கு ஊடால பூந்து போவுது. முந்தாநாள் பருத்திக்குள்ள விழுந்துட்டு. காட்டுக்காரன் பேசுன பேச்சை உங்ககிட்ட சொல்ல முடியாது."

"நீங்க கூப்பிட்டுப் பாக்கலாமே?"

நான் ஏதோ கூடாத வார்த்தையைச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தாள். "எங்க வீட்டுல பொம்பளைய கிடைக்குக் குரல் கொடுக்கப்படாது. கொடுத்தா மந்தை பெருகாதும்பாவ. நான் கட்டிக்கிட்டு வந்து முப்பத்தஞ்சு வருசம், ஒருக்கக் கூடக் கூப்பிட்டதில்ல." பிறகு சொன்னாள்: "சித்திரை பொறந்ததும் எல்லாத்தையும் கறிக்கடைக்காரனுக்கு வித்துரணும்னு நிக்கான் மவன். அவிய குரல் கிடைச்சா ஆடு நிக்கும் தாயி. நல்லாத் தேடிப் பாருங்க. வெள்ளிக்கிழமை வாரேன்."

அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று அன்று மாலை முழுவதும் யோசித்தேன். அவள் திட்டுவாள் என்ற பயம் இல்லை. திட்டும் பெண்ணாக அவள் தெரியவில்லை. அழித்தேன் என்று சொல்லியிருந்தால், கேட்காமல் அழித்தேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். ஒருவருடைய கடைசிக் குரல் என் உள்ளங்கையில் கிடந்திருக்கிறது. ஒரு நிமிடம் காதில் வைத்துப் பார்க்காமல் இரண்டு தடவை பொத்தானை அழுத்தியிருக்கிறேன். இவ்வளவு காலம் அதைச் சுத்தம் என்று நினைத்திருந்தேன்.

அழித்ததை எடுக்க ஒரு வழி உண்டு. இந்த டிஸ்க்கில் சத்தம் ஓரிடத்திலும், எந்தச் சத்தம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் இன்னோரிடத்திலும் இருக்கும். அழிக்கும்போது பட்டியல் மட்டும்தான் போகும். மேலே புதிதாக எதையும் பிடிக்காதவரை சத்தம் அங்கேயே கிடக்கும். முழுக்க வெறும் மௌனத்தைப் பிடித்த வேறொரு டிஸ்க்கைப் போட்டு, அதன் பட்டியலை மெஷின் எழுதப்போகும் நேரத்தில், மெஷினுக்குத் தெரியாமல் டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும். மூடி திறந்திருப்பதை மெஷினுக்குச் சொல்வது ஒரு சின்ன சுவிட்ச். அதை ஒரு தீக்குச்சித் துண்டால் அமுக்கிவைத்தால், மூடியே திறக்கவில்லை என்று மெஷின் நம்பும். மௌனத்தின் பட்டியலைக் கொண்டுபோய் அழிந்த டிஸ்க்கின்மேல் எழுதிவிடும். அதன்பின் அழிந்த டிஸ்க் முதலிலிருந்து கடைசிவரை பேசும். பிரவுசிங் சென்டரில் இதைப் படித்து, தாளில் எடுத்துவைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாளும் செய்து பார்த்ததில்லை. நான் அழித்தவர்களைத் திரும்பக் கூப்பிட எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

மறுநாள் தொடங்கினேன். பத்தொன்பது டிஸ்க்குகள். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். ஒருவன் இங்கிலீஷில் தன் பெயரையும் படிப்பையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினான். ஒன்றில் யாரோ தூங்கும் மூச்சு, பின்னணியில் மின்விசிறி. ஏன் பிடித்தார்கள் என்று தெரியவில்லை. ஒன்றில் ஒரு பெண் அழுகையை அடக்கிக்கொண்டு வெண்டைக்காய்க் குழம்பு வைக்கும் முறையைச் சொன்னாள். உலையில் அரிசி போட மறந்தேன்.

என் கணவர் சாமித்துரைக்கு மணியாச்சி ஜங்ஷனில் ரயில்வே வேலை. சாயங்காலம் வந்தவர் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, செத்தவன்லாம் பேசுதானா? பேசுனா அவன்கிட்டயே கேளு, ராத்திரிக்கு என்ன திங்கன்னு."

"ஓட்டல்ல ரெண்டு புரோட்டா வாங்கிட்டு வாங்களேன்."

"எனக்கா, ஆவிக்கும் சேத்தா?"

சிரித்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனதும் பன்னிரண்டாவது டிஸ்க்கைப் போட்டேன்.

இரண்டு ஆண்கள் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். இடது காதில் ஒருவன், வலது காதில் ஒருவன். இரண்டும் ஒரே குரல். மூச்சு வாங்காமல், யாரோ துரத்துவதுபோல் அவசரமாக, சொற்கள் துண்டு துண்டாக. நடுவே இருமல் ஆலங்கட்டி மழைபோல் விழுந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அங்கிருந்தும் அது மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மனிதனை அரைகுறையாக எழுப்பிவிட்டேன் என்று தோன்றியது. அவரால் முழுதாக வரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

பரோட்டாவைத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் புரிந்தது. கார்த்திகேசன் மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், பிடித்திருக்கிறான். அப்படிப் பிடித்தால் டிஸ்க்கில் இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். நான் எழுதியதோ இரட்டைத் தடத்துக்கான ஸ்டீரியோ பட்டியல். மெஷின் ஒரே குரலை இரண்டாகப் பிய்த்து இரண்டு காதுக்கும் கொடுத்திருக்கிறது.

மறுநாள் காலை மோனோவில் மௌனம் பிடித்தேன். இரண்டரை மணி நேரம். நடுவே மின்சாரம் போய், முதலிலிருந்து பிடித்தேன். பிற்பகலில் பட்டியலை மாற்றி எழுதி, ஹெட்ஃபோனை மாட்டினேன்.

காற்று. ஒரு இருமல்.

"ஆடு இல்லாம எப்படிடா கூப்பிட?"

"சும்மா கூப்பிடுங்க நைனா, எப்பவும் போல," என்று மகன் அப்பாவிடம் சொன்னான்.

"இந்த டப்பாக்குள்ளயா? வெளங்கும்." சிரிப்பு. மறுபடி இருமல். பிறகு அந்தக் குரல் எழுந்தது. "த்ரோஓஓ... ரா... ரா... ராஆஆ..."

அது பெரிய குரல் இல்லை. யாரையும் அதட்டவில்லை. வெகுதூரத்தில் இருப்பவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரே அளவில் கேட்கும்படி தாழ்ந்து நீண்டது. பதினொரு நிமிடம் இருந்தது. முடிந்தபோது நான் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை கார்த்திகேசன் வந்தான். இருபத்தாறு வயது. அவன் சிங்கப்பூரில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன்.

"அக்கா, அம்மா இங்க வந்தாவளாமே. டிஸ்க்குல ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களாம். நல்லதாப் போச்சு. நாளைக்கு வந்தாலும் அதையே சொல்லிருங்க."

"இருக்கு தம்பி. எடுத்துட்டேன்."

அவன் முகம் வெளுத்தது. "அழிக்கலையா?"

"அழிச்சேன். திரும்ப எடுத்தேன்."

"நீங்க கேக்காம அழிச்சிருவீங்கன்னு சொன்னாங்களே! வீடியோக்காரங்க அம்புட்டுப் பேரும் சொன்னாங்க. அந்தக்கா கையில போனா மறுபிறவி கிடையாதுன்னு. அதுக்குத்தான் தூத்துக்குடியில விக்காம உங்ககிட்ட கொண்டாந்தேன்."

ஊரில் எனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

"அழிக்கணும்னா நீங்களே அழிச்சிருக்கலாமே?"

"அழுத்தினேன் அக்கா. ரெண்டாவது தடவை ஒண்ணு கேக்குதுலா, நிச்சயமான்னு. அதுக்கு மேல கை வரலை."

படியில், அவன் அம்மா உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தான். நைனாவுக்கு நெஞ்சு நோவு முற்றியபோது, அவர் படுத்துவிட்டால் ஆட்டைத் திருப்ப உதவும் என்றுதான் அவன் பிடித்திருக்கிறான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஒரு சின்ன ஸ்பீக்கரோடு காட்டுக்குப் போய்ப் போட்டிருக்கிறான்.

"வந்துச்சா?"

"அம்புட்டும் வந்துச்சு. சுத்தி நின்னுச்சு. ஆனா என்னையப் பாக்கலை அக்கா. எனக்குப் பின்னால பாத்துச்சு." குரலைத் தாழ்த்தினான். "பொறவு நகர மாட்டுக்கு. மேயலை. தண்ணி காட்டுனேன், குடிக்கலை. பேட்டரி தீந்து பொறவும் நின்னுச்சு. மறுநாள் உச்சிவெயில் வரைக்கும் அப்படியே. பாலுக்குக் கத்திக் கத்தி ஒரு குட்டி செத்துப் போச்சு. நான் அம்மாகிட்ட சொல்லலை."

"ஏன்?"

"சொன்னா அம்மாவும் அங்கன போயி நிப்பா."

டிஸ்க் எங்கள் இருவருக்கும் நடுவே மேஜையில் கிடந்தது. அவன் கையை நீட்டவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. "இது உங்க ரெண்டு பேருக்கும் சொந்தம் தம்பி. ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தர்கிட்ட தர என்னால முடியாது," என்றேன். அவன் எழுந்து போனான்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ரெங்கம்மாள் வந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். நான் அழித்தது, பொய் சொன்னது, எடுத்தது, அவள் மகன் சொன்னது, குட்டி செத்தது. அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றியபடி கேட்டாள்.

"அழிச்சதும் நீங்கதானா."

"ஆமாம்மா."

"எடுத்ததும் நீங்கதான்."

"ஆமா."

"அப்பச் சரி," என்றாள். எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஹெட்ஃபோனை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். "ஆடுக கேக்காம நான் மட்டும் கேக்கவா? வாங்க, ஊருக்குப் போவோம்."

"உங்க மவன் சொன்ன மாதிரி ஆச்சுன்னா?"

"நான் கண்ணால பாக்கணும் தாயி."

என் ரெக்கார்டரையும், ஒரு ஸ்பீக்கரையும், மைக்கையும் பையில் போட்டுக்கொண்டு விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறினேன். மைக்கை ஏன் எடுத்தேன் என்று கேட்டால் காரணம் இல்லை. பையில் எப்போதும் மூன்றையும் சேர்த்துத்தான் போடுவேன். வழியெல்லாம் ரெங்கம்மாள் ஜன்னலுக்கு வெளியே, மிளகாய் காயப்போட்ட களங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவை மட்டும் திரும்பி, "இருமல் இருக்கா அதுல?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

நாலு மணிக்குக் காட்டுக்குப் போனோம். அறுத்த சோளத்தட்டைகள், வெடித்த கரிசல். ஆடுகள் தூரத்தில் நாலா பக்கமும் சிதறி நின்றன. கார்த்திகேசன் எங்களைப் பார்த்துவிட்டான். வரப்பிலேயே நின்றுகொண்டான், கிட்டே வரவில்லை. ஸ்பீக்கரை ஒரு கல்மேல் வைத்து, பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்தினேன்.

ஆடு இல்லாமல் எப்படிக் கூப்பிட என்று அவர் கேட்டபோதே சில தலைகள் நிமிர்ந்தன. "த்ரோஓஓ" என்றபோது எல்லாம் திரும்பிவிட்டன. ஓடி வரவில்லை. நடந்து வந்தன, தெரிந்த வேலைக்கு வருவதுபோல. என்னைச் சுற்றி வட்டமாக நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. அறுபது ஜோடிக் கண்களும் என் தோளைத் தாண்டி, எனக்குப் பின்னால், ஓர் ஆள் உயரத்தில் ஒரே இடத்தைப் பார்த்தன.

ரெங்கம்மாள் எனக்கு எதிரே நின்றிருந்தாள். அவளும் அங்கேதான் பார்த்தாள். அவள் உதடுகள் லேசாகப் பிரிந்தன. அறியாமல் கை உயர்ந்து முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிடரியில் வெயில் மறைந்ததுபோல் இருந்தது. பார்த்திருந்தால் வெறும் காடுதான் தெரிந்திருக்கும் என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன்.

பதினொரு நிமிடமும் ஓடியது. கடைசியில் அவர், "போதுமாடா? வருமா?" என்று கேட்டார். அதோடு நின்றது. நான் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். ஆடுகள் நகரவில்லை. வெகுநேரம் பார்த்தோம். ஒரு குட்டி தாயின் மடியை முட்டியது. தாய் குனியவில்லை, காலைக்கூட விரிக்கவில்லை. ரெங்கம்மாள் அந்த ஆட்டின் அருகே போய் அதன் நெற்றியில் கை வைத்தாள். அது அவள் கையை விலக்கி, மறுபடி அந்த இடத்தையே பார்த்தது.

"அவிய போயிட்டாவன்னு எனக்கு ஊரே கூடி வந்து சொல்லிச்சு," என்றாள். "தாலிய எடுத்தாவ, வெள்ளைச்சீலை போட்டாவ. இதுகளுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை." பிறகு, "அழிச்சிருங்க தாயி," என்றாள்.

"அழிச்சாலும் உள்ள கிடக்கும்மா. நான் எடுத்த மாதிரி யாரும் எடுக்கலாம். மேல வேற சத்தம் பிடிச்சாத்தான் போகும்."

"என்ன சத்தம்?"

"எதுன்னாலும்."

"எவ்வளவு நேரம்?"

"பதினொரு நிமிசம்."

அவள் ஆடுகளைப் பார்த்தாள். வரப்பில் நின்ற மகனைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். மைக்கைக் கொடுத்தேன். திரை இரண்டு தடவை கேட்டது, இரண்டு தடவையும் அழுத்தினேன். பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். எண்கள் ஓடத் தொடங்கின.

முதல் நிமிடம் முழுக்க அவள் மூச்சு மட்டும்தான் பதிவானது. பிறகு கூப்பிட்டாள். குரல் உடைந்து, இரண்டாவது எழுத்திலேயே நின்றுபோனது. அவருடைய குரலின் சாயல் அதில் ஒரு இம்மியும் இல்லை.

"அம்மா! வேண்டாம்மா!" வரப்பிலிருந்து கார்த்திகேசன் கத்தினான். ஓடி வந்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. "ரா..." என்றாள். "ரா... ரா..." ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீண்டது. முப்பத்தைந்து வருடம் காதால் கேட்டதை வாய்க்குக் கொண்டுவரத் திணறினாள். வியர்வை வழிந்தது. நான் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடும் ஒவ்வொரு விநாடிக்கும் அடியில் அவருடைய ஒரு விநாடி போய்க்கொண்டிருந்தது. இருமல் போயிருக்கும். சிரிப்பு போயிருக்கும். ஒன்பதாவது நிமிடத்தில் என் கட்டைவிரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. கடைசிக் கேள்வியை மட்டுமாவது காப்பாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது. ரெங்கம்மாள் கூப்பிடுவதை நிறுத்தாமலே என் விரலைப் பார்த்தாள். விரலை எடுத்துவிட்டேன்.

பதினொன்று தாண்டியது. சொன்னேன். அவள் மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, கிடை போடும் மேட்டை நோக்கிக் கூப்பிட்டபடி நடந்தாள். கார்த்திகேசன் அவளுக்குப் பின்னால் போனான்.

ஆறு ஆடுகள் கழுத்தை அவள் பக்கம் திருப்பின. அவற்றில் ஒன்று, குட்டி மடியை முட்டிய அந்தத் தாய் ஆடு, இரண்டடி எடுத்து வைத்தது. மற்றவை இன்னும் எனக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தன. அவை திரும்பும்வரை அந்த இடத்தைவிட்டு நகர எனக்குத் துணிவு வரவில்லை.